பதினோராவது கம்பம்

மகாராஜபுரம்,
12.12.1988

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடுகளும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் கடிதமாக எழுதி ஆறு மாதம் ஆகிறது. மணியார்டர் கூப்பனில் 'நலம்' என்று ஒரு சொல் வருகிறது. அதையும் தபால்காரரே வாசித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் எட்டாவது வரை படித்தது வீண்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு எண்பத்தொன்றில் லீவில் வந்தபோது மனுப் போட்டீர்களே, அதற்கு முறை வந்துவிட்டது. பம்புசெட்டுகளுக்கென்று மத்திய சர்க்கார் இந்த வருஷம் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலையை முடிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடுமாம். ஏழு வருஷம் அசையாமல் கிடந்தவர்கள் ஒரே வாரத்தில் லாரி லாரியாகக் கம்பம் இறக்கி, ஓடைக்கரை நெடுக நட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். பதினோராவது கம்பம் நம் புஞ்சை வரப்பில் நிற்கிறது. மாடு அதைப் பார்த்து இரண்டு நாள் மிரண்டது.

இனி ஒன்றுதான் பாக்கி. மனுப் போட்டவர் நேரில் வந்து, கிணற்றையும் மோட்டார் அறையையும் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மறுவாரம் கம்பி. புஞ்சை என் அய்யா என் பேரில் எழுதி வைத்தது, மனு மட்டும் உங்கள் பேரில். ஆம்பளை பேரில் இருந்தால்தான் ஆபீசில் மதிப்பார்கள் என்று நானேதான் அன்றைக்குச் சொன்னேன். அந்தப் புத்தியை இப்போது நானே நொந்துகொள்கிறேன்.

மோட்டார் அறை கட்டியாகிவிட்டது. செங்கல் வத்திராயிருப்புச் சூளையிலிருந்து வந்தது. கதவு நம் அடுப்பங்கரைக் கதவு. அடுப்பங்கரைக்குச் சாக்குப் படுதா கட்டியிருக்கிறேன், தனியாகச் சமைக்கிறவளுக்கு அது போதும்.

பிளவக்கல் அணைத் தண்ணீர் இந்த வருஷமும் நம் மடைக்கு எட்டவில்லை. ஆயில் இஞ்சினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் இறங்கிவிட்டது. போன தடவை வந்தபோது நீங்கள் வைத்துவிட்டுப் போன முப்பது தென்னங்கன்றுகளும் வருகிற கோடையைத் தாங்காது. டெல்லியிலிருந்து பணம் வராமல் அங்கே அனல் மின் நிலைய வேலை நின்று கிடக்கிறது, விட்டுவிட்டு வந்தால் இடம் போய்விடும் என்று ஆனியில் எழுதினீர்கள். ஊருக்கெல்லாம் கரண்ட் உண்டாக்குகிற இடத்தில் சொந்தக் கிணற்றுக்கென்று கேட்டால் பத்து நாள் லீவு தர மாட்டார்களா? பொங்கலுக்கு வாருங்கள். இந்த வீட்டில் நான் பேசுவதும் மாடு தலையாட்டுவதும் தவிர வேறு பேச்சு இல்லை.

உங்கள்,
வேலுத்தாய்

மகாராஜபுரம்,
2.2.1989

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு வேலுத்தாய் எழுதுவது.

பொங்கல் போயிற்று. இரண்டு பேருக்குப் பொங்கி மாட்டுக்கு வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜரத்தினத்தைப் பார்த்தேன். உங்களோடு வெல்டராக வேலை பார்த்தானே, ராஜபாளையத்துக்காரன், அவன்தான். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனான். விடுவேனா? காபிக் கடைக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தேன். வேலை நின்று கிடக்கிறதாமே என்றேன். அதெல்லாம் போன ஆடியிலேயே பணம் வந்து வேலை ஜரூரா நடக்குதுக்கா என்றான். அவிய இன்னும் கொட்டகையிலயா கிடக்காவ என்று கேட்டேன். இல்லக்கா, தனியா வீடு எடுத்துட்டாவ என்றான். சமைக்கத் தெரியாத மனுஷன் தனி வீட்டில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, மூணு மாசக் கைப்புள்ள ஒண்ணு இருக்குக்கா, உங்க கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீய என்று எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கு நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? பதினாறு வருஷத்தில் எனக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. அதற்காக நீங்கள் ஒரு சொல் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவள் நான்.

அது கிடக்கட்டும். இப்போது காரியம் கிணறு. கரண்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். மனுவை என் பேருக்கு மாற்றச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு, அங்கே ஒரு அதிகாரியின் முத்திரையோடு அனுப்பினால், நீங்கள் வரவே வேண்டாமாம். அந்தத் தாளை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வைக்கோல் போட்டிருக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பென்சிலால் வைக்கோல் பிரி மாதிரி சுழி போட்டிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா பார்ப்போம் என்று.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற தனுஷ்கோடி வேறு வழி சொல்கிறார். ஏட்டி, புருசன் இருக்காம்னா ஆயிரம் சட்டம், செத்துட்டாம்னா ஒரே சர்ட்டிபிகேட்டு, ரெண்டு சாட்சி நான் பிடிச்சுத் தாரேன் என்றார். ஒன்பது வருஷமாக வடக்கே இருக்கிறவரை யார் தேடி வரப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் சர்ட்டிபிகேட்டை வாங்கிவிட்டு நான் பொட்டு வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் நடக்க முடியுமா? நடந்தால் பொய் வெளியாகும். ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் வாங்கிக்கொண்டதற்கு அட்டை எனக்குத் திரும்பி வரும்.

உங்கள்,
வேலுத்தாய்

மகாராஜபுரம்,
1.4.1989

வேலுத்தாய் எழுதுவது.

அட்டை வந்தது, தாள் வரவில்லை. உங்கள் கையெழுத்தேதான், கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்திருக்கிறீர்கள். அட்டையில் போட்டதை அந்தத் தாளிலும் போட்டிருக்கலாம். அதைப் போட எது தடுத்தது என்று எத்தனையோ நாள் யோசித்தேன். முத்திரைக்காக அதிகாரியிடம் போனால், ஊரில் பெண்டாட்டி இருப்பது அங்கே தெரிந்துவிடும். இதுதான் என்று எனக்குப் படுகிறது. இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

நேற்று மார்ச் முப்பத்தொன்று. தனுஷ்கோடி விண்ணப்பத்தை எழுதி, சாட்சிகள் இரண்டு பேரையும் டீக்கடையில் உட்கார வைத்திருந்தார். நான் கையெழுத்து வைக்க வேண்டியதுதான் மிச்சம். பொய் சொல்லக் கூடாதே என்று நான் தயங்கவில்லை. முப்பது கன்றுக்காகப் பொய் சொல்வேன். காலையில் வீட்டில் கண்ணாடி முன்னால் பொட்டை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் செத்துப்போனவர் என்று எழுதிவிட்டால் உங்கள் மேல் நான் எப்படிக் கோபப்படுவது? செத்தவரோடு யாராவது சண்டை போடுவார்களா? எல்லாரும் வந்து, நல்ல மனுஷன், பாவம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தலையாட்ட வேண்டும். அது மட்டும் என்னால் ஏலாது.

நேரே கரண்ட் ஆபீசுக்குள் போனேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும்மா என்றார் அங்கே இருந்த எழுத்தர். பதினாறு வருஷமாக உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, உறையில் எழுதுவதோடு சரி. அவர் முன்னால் மாரிச்சாமி என்று சத்தமாகவே சொன்னேன். இருக்காரா, இல்லையா என்றார். உசுரோட இருக்காவ, வர மாட்டாவ என்று சொல்லி அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் செய்ய முடியாதேம்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் நம் வரப்புக் கம்பத்தைத் தாண்டி மேற்கே இருளப்பசாமி கிணற்றுக்குக் கம்பி போயிற்று. பட்டியலில் நமக்கு அடுத்தவர் அவர்தான். அவர் மோட்டார் இன்று காலையிலிருந்து ஓடுகிறது. சத்தம் இங்கே வரை கேட்கிறது.

நான் என் பேரில் புதிதாக மனுப் போட்டுவிட்டேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது நம்பர். அடுத்து எந்த வருஷம் சர்க்காரிடமிருந்து பணம் வருமோ, எட்டு வருஷமும் ஆகலாம், பத்தும் ஆகலாம் என்கிறார்கள். தென்னங்கன்றில் கிணற்றடியில் நிற்கிற ஆறுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன், மற்றவற்றை விட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்து அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அது மேல். இனி மணியார்டர் அனுப்ப வேண்டாம், வந்தால் திருப்பிவிடுவேன்.

கைப்பிள்ளை ஆணா பெண்ணா என்று ராஜரத்தினம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே வெயில் மோசம் என்று நீங்கள்தான் முன்பு எழுதுவீர்கள். மத்தியானத்தில் அதை வெளியே தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். அது நன்றாக இருக்கட்டும், அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. நேற்று ஒரு ஆபீஸ் நிறைய ஆட்கள் முன்னால், நீங்கள் உயிரோடு இருப்பதாக நான் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

வேலுத்தாய்