காலி நாற்காலிக்குப் பின்னால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், ஆனாலும் உன் கையெழுத்தில் வந்தால்தான் உன் அம்மா நம்புவாள், அதனால் பதில் போடு. அவளுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் படியைக் கட்டினவன் நான்தான் என்பதுபோல என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள்.

சலூன்களுக்கு விதி போடுகிற வாரியம் உனக்கு ஞாபகம் இருக்கும், வருடா வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவோமே, அதே ஆட்கள்தான். புது விதிகள் வரப்போகின்றன, கருத்து இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று தாள் அனுப்பியிருந்தார்கள். நாற்காலிக்கு ஒரு வாஷ்பேசின் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலியை எடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. நம் கடையில் நாற்காலி இரண்டு, வாஷ்பேசின் ஒன்று. இன்னொன்று வைத்தால் முடிவெட்ட வருகிறவரைத் தெருவில்தான் உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது நாற்காலி போனால் மீசைக்காரரும் போக வேண்டியதுதான். பதினேழு வருடமாக என் பக்கத்தில் நின்று வெட்டுகிற மனிதர், மூன்று பெண்களைப் படிக்க வைக்கிறார், இந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பார்? நம் சலூன்காரர் சங்கத்தில் சொன்னேன். வாரியத்தை எல்லாரும் வாய் வலிக்கத் திட்டினார்கள், சரி, கூட்டத்துக்கு வாருங்கள் என்றதும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகிவிட்டார்கள். கடையை மீசைக்காரரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

நீளமான மேசை, சுற்றி ஐந்து பேர். தலைவருக்கு இடது கிருதா வலதைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது, யார் கைவேலையோ. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் அரைமணி நேரம் நின்றேன். பிறகு செயலாளர் அம்மாதான் என்னைப் பார்த்து, "ஐயா, உக்காருங்க. அந்த நாற்காலி உங்க தொழில்காரங்களுக்குன்னு போட்டதுதான். ஆறு வருஷமா யாரும் வரல" என்றார். அப்போதுதான் கவனித்தேன். மேசையைச் சுற்றியிருந்ததில் ஒரே ஒரு நாற்காலி காலி, அதன் முதுகுப்பக்கம் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஆள் வந்து உட்காரட்டும் என்பதுபோல நான் நின்றிருக்கிறேன். பழக்கதோஷம். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஆறு வருடமாக நம் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, நம்மைக் கேட்காமல் விதி போடுகிறார்கள் என்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

உட்கார்ந்தேன். வாஷ்பேசின் எதற்கு என்று கேட்டேன். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகக் கூடாதே, அதற்குத்தான் என்றார்கள். இரண்டு பேர் ஒரே குழாயில் கை கழுவினால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன், தலையாட்டினார்கள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய பதினான்கு பக்கத் தாளில் படிகாரக் கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. மழித்து முடித்ததும் கீறல் பட்ட இடத்தில் தேய்ப்போமே, அந்தக் கல்தான். பிளேடை ஆளுக்கு ஒன்று மாற்றுகிறோம், கல் மட்டும் தேய்ந்து தீரும்வரை ஒன்றே. கத்தி பிடிக்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? "ரத்தம் குழாயில இல்லைங்க, கல்லுல இருக்கு. என் கடையிலயும் எல்லா முகத்துக்கும் ஒரே கல்லுதான்" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. தலைவர் எழுதிக்கொண்டார்.

போன வாரம் முடிவு வந்தது. இரண்டு நாற்காலிக்கு ஒரு வாஷ்பேசின் போதும். கல் கூடாது, படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை அப்போதே தூக்கிப் போட வேண்டும். மீசைக்காரருக்கு வேலை தப்பியது, ஆனாலும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்மை நாமே காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு வருத்தம். மூன்றாம் நாள் அவரே கல்லை எடுத்துக் குப்பையில் போட்டார். சங்கத்தில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. நன்றாகத் திட்டுகிறவர்களாகப் பார்த்து மூன்று பேரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அங்கே வந்து திட்டட்டும், பிரயோஜனமாக இருக்கும். அந்த நாற்காலிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன், இரண்டு வருடத்துக்கு. உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வீட்டிலேயே என் பேச்சு எடுபடாதாம்.

நீ சலூனில் வேலை பார்க்கிற ஊரிலும் இப்படி ஒரு வாரியமும் ஒரு காலி நாற்காலியும் இருக்கும், விசாரித்துப் பார். நாள் முழுக்க நிற்கிற வேலை, கால் வீங்காமல் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று, மறக்காதே. நீ கிளம்பிய அன்று உன் சாமான் பெட்டியில் ஒரு படிகாரக் கல் வைத்தேன், என் மேசையில் இருந்ததிலேயே நல்ல கல். அதைத் தூக்கிப் போட்டுவிடு அம்மா. நல்லதென்று நினைத்துத்தான் வைத்தேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீங்கள் இருவரும் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உட்காரப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா