ஒரே தன்மை, ஒத்த தன்மை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நலம் என்று எழுத மனம் வரவில்லை, உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே நலமாயிருக்கவே தினமும் ஜெபிக்கிறோம். என் வலது கையில் மாவுக்கட்டு, நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள், நடுவில் என்னைத் திட்டுவதை மட்டும் எழுத மாட்டாளாம்.

சித்தப்பா படியில் விழுந்தார் என்று போனில் சொன்னது பொய். அடித்தார்கள். சபைக்காக, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைப் புதிதாக அச்சிட்டோமே, குமாரனாகிய இயேசு பிதாவோடே ‘ஒரே தன்மையுள்ளவர்’ என்றிருந்ததை, எளிமையாக இருக்கட்டும் என்று கமிட்டி ‘ஒத்த தன்மையுள்ளவர்’ ஆக்கிவிட்டது. உனக்கும் அம்மாவுக்கும் ஒத்த முகம், அதனால் இருவரும் ஒரே ஆளா? ஒத்தவர் என்றாலே இரண்டு பேர். நாம் கும்பிடுகிறவர் கடவுளா, கடவுள் மாதிரி ஒருவரா என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பிழை திருத்துவது என் வேலை, கடைசிப் புரூஃபில் யாரையும் கேட்காமல் பழைய சொல்லைப் போட்டுவிட்டேன். புத்தகம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். பக்கங்களை அச்சகத்துக்குக் கொண்டுபோனது சித்தப்பா, ஆகவே அவர்தான் மாற்றினார் என்று முடிவுகட்டி, கூட்ட அறையில் பாட்டுக்குழுத் தலைவர் இரும்பு நாற்காலியை மடக்கி அவர் இடது காதோடு சேர்த்து அடித்தார். விழுந்தவரை இரண்டு பேர் விலாவில் மிதித்தார்கள், எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, வாயிலிருந்து வந்த ரத்தம் புதுப் புத்தகக் கட்டின்மேல் வழிந்தது. நான் வாசலில் நின்றேன். நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சோறு ஊட்டினேன், அப்போதும் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து, மாற்றியது நான், கேட்காமல் செய்தது தப்பு, சொல் தப்பில்லை என்றேன். வெளியே வரும்போது அதே ஆட்கள் என் கையைக் கதவு நிலையில் அழுத்திப் பிடித்துக் கதவை அறைந்தார்கள். மூன்று விரல் நொறுங்கிவிட்டது. போலீசில் எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

கட்டோடு போய் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “புரூஃபுல இருந்தது உங்க கையெழுத்துன்னு அன்னைக்கே தெரியும்ணே. அந்தச் சொல்லு சரின்னு எனக்கும் பட்டுது, அதான் வாயத் தெறக்கல. ஆனா நீங்க வாசல்ல நின்னதப் பாத்தேன்” என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. சித்தப்பாவுக்குப் போன் செய், இடது காது போய்விட்டது, வலது காதில் வைக்கச் சொல். எனக்காகப் பரிந்து பேசாதே, அவர் பேசுவதைக் கேள், போதும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புடன்,
அப்பா
(அம்மா கையெழுத்தில்)