சின்னப் பிள்ளைகள் வகுப்பில் நம் பொடிசு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி பொடிசு மூன்று பேரும் நலம். அப்பாவின் வலது முட்டியை மட்டும் இதில் சேர்க்க முடியாது, பேருந்தின் பிரேக்கை மிதித்து மிதித்து அது தனிக்குடித்தனம் போன மாதிரி அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்ததும் ஒழுங்காகப் படுத்து, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வாரத்தில் நாலு நாள் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று மூட்டை கட்டிவிடுவாய், நானும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். எழுதினால் இரண்டு பேருமே தப்ப முடியாது. முதலில் மற்ற செய்திகள். தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை ஒருவழியாக ஓய்ந்தது, கனவில்கூட காலர் வந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுக் குழாய்த் தண்ணீர் இன்னும் நம் குளியலறைச் சுவரில்தான் இறங்குகிறது, குழாய்க்காரர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விடுமுறையில் பொடிசு போய்வந்த அந்த இரண்டு வார இசைப் பள்ளி நன்றாக நடந்தது என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தோம். நன்றாகத்தான் முடிந்தது. நடுவில் நடந்ததை அவள் உன்னிடம் சொல்லவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டாள். நான் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். பொடிசு என்று இன்னும் கூப்பிடுகிறோமே தவிர, என்னைவிட ஒரு சாண் உயரம் இப்போது. அவளையும், ஆள் உயர வயலின் மாதிரி நிற்கிற அந்த செல்லோவையும் இரண்டு பேருந்து மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நடத்துநர் அதைப் பார்த்து "இவருக்கு எந்த ஸ்டாப்?" என்று கேட்டார். அந்த இடம் விடுதியோடு சேர்ந்த ஒரு பெரிய பள்ளிக்கூடம், விடுமுறைக்கு இசைப் பள்ளிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை எழுபது பிள்ளைகள். தாழ்வாரத்தில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு சத்தம், மாடிப்படியில் உட்கார்ந்து ஒருத்தி புல்லாங்குழல் ஊதுகிறாள், குளியலறைக்குள்ளிருந்து டிரம்பெட் கேட்கிறது. வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து எல்லாருடைய போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தருவார்களாம். போனைக் கொடுக்கும்போது பொடிசின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளை, போன் இல்லாமல் தவிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை கடையில் ஒரு கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பள்ளி அலுவலக எண்ணிலிருந்து போன். "அம்மா, என்னை வந்து கூட்டிட்டுப் போயிடு" என்றாள், வைத்துவிட்டாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் உனக்கும் மூன்று தடவை அடித்தாளாம், நீ ஆஸ்பத்திரி வார்டில் இருந்திருப்பாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பா பேருந்தை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார், நான் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் பையைக் கட்டி, செல்லோவை உறைக்குள் போட்டுப் பூட்டி, கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். என்ன கேட்டாலும் "வீட்டுக்குப் போலாம்" என்பதுதான் பதில். செல்லோ டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வயதிருக்கும், கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருக்கிற ஆள். "உங்க பொண்ணுக்குத் தாள்ல எழுதியிருக்கிற இசைக் குறிப்பு, நோட்ஸ் படிக்கத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாகப் படிக்கிறாள், நோட்ஸ் தாளை ஸ்டாண்டில் வைக்காமல் வில்லைத் தொட மாட்டாள், பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் திருப்புவாள், என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவரை பார்க்காத ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். இவள் வயிற்றுவலி என்றாளாம். இரண்டாம் நாள் கண் மங்கலாக இருக்கிறது என்றாளாம். மூன்றாம் நாள் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கச் சொன்னபோதுதான் டீச்சர் கண்டுபிடித்திருக்கிறார். "பக்கத்துல இருக்கிற பிள்ளை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவ அதைக் காதுல வாங்கி வாசிக்கிறா. ஒரு கண் சிமிட்டற நேரந்தான் பிந்துறா. இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்ல, ஆனா தாள்ல ஒரு எழுத்துகூடத் தெரியல" என்றார்.

நான் திரும்பப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள் போல, திட்டவில்லை என்றதும் அழ ஆரம்பித்தாள். "ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டேன். "ஏழு வயசுல தெரியலன்னு சொல்லியிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பதினஞ்சு வயசுல எப்படிம்மா சொல்றது?" என்றாள். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. புதுப் பாடம் கொடுத்தால் நீ முதலில் வாசித்துக் காட்டுவாயாம், அவள் அப்படியே மனதில் ஏற்றிக்கொள்வாளாம். எந்த இடம் வந்ததும் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்றுகூட நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நீ வேலைக்கு வெளியூர் போனபின் ஞாயிற்றுக்கிழமை தோறும் கீபோர்டில் வாசித்துப் பதிவு பண்ணி அனுப்புவாயே, அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன ஒட்டுதல் என்று நான் மாடி வீட்டு அக்காவிடம்கூடப் பெருமை அடித்தேன். அதுவும் இதற்குத்தானா, போனைக் கொடுக்கும்போது முகம் வெளிறியதும் இதனால்தானா! இங்கே அவளுக்குச் செல்லோ சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் ஏமாந்துபோனார், ஒரு தடவை பாடம் கொடுத்தால் அடுத்த வகுப்பில் மணி மணியாக வாசிக்கிறாள் என்று அவருக்குப் பூரிப்பு. கடைசியில் அவள் "அண்ணாவைத் திட்டிடாதம்மா, நான்தான் கெஞ்சினேன்" என்றாள். மகனே, இதை எழுதும்போதும் எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். ஆரம்பித்தபோது உனக்கே பதினான்கு வயது. தங்கச்சி தலைகுனியக்கூடாது என்று பார்த்தாய். எனக்கு என்மேல்தான் கோபம், எட்டு வருஷம் பக்கத்து அறையில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டு கேட்டவள் நான்.

நாலு மணிப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. அதுவரை தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சின்னப் பிள்ளைகள் வகுப்பு, கதவு திறந்திருந்தது. அதையும் அந்த டீச்சர்தான் எடுக்கிறார், எட்டு ஒன்பது வயதில் பத்துப் பிள்ளைகள், தாளைப் பார்த்துக் கைதட்டுவதும் ஒவ்வொருவராக வாசிப்பதுமாக ஒரே கூச்சல். முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் வாசித்தாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பொடிசு தரையைப் பார்த்துக்கொண்டே "மூணாவது சுரம் தப்பு" என்று முணுமுணுத்தாள். அந்த டீச்சருக்கும் பாம்புச் செவி, தலையை நீட்டி "என்ன தப்பு? வந்து சொல்லு" என்றார். இவள் அசையவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நான் என் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது சொன்னால் கெட்டுவிடும் என்று ஒரு பயம். பொடிசு தானாகவே எழுந்து உள்ளே போனாள். அந்தக் குட்டியின் செல்லோவை வாங்கி எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படி வாசித்துக் காட்டினாள். "அதுக்குப் பேரென்ன?" என்று டீச்சர் கேட்டார். வகுப்பே இவளைப் பார்க்கிறது. "தெரியாது" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது" என்றாள். எட்டு வருஷமாக அடைத்துவைத்திருந்ததை அந்த வாண்டுகள் முன்னால் சொல்லிவிட்டாள். முன்பல் இல்லாதவள் "ஐயோ அக்கா, அது எஃப் ஷார்ப், இதுகூடவா தெரியாது?" என்றாள். பொடிசின் காது வரை சிவந்துபோயிற்று. ஆனால் "எங்க, எதை வச்சு அப்படிச் சொல்ற, காட்டு" என்று அவள் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முட்டி மோவாயை இடிக்கிறது. நாலு மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் நான் மட்டும் வந்தேன்.

மீதிப் பத்து நாளும் காலையில் சின்னப் பிள்ளைகளோடு, மத்தியானம் ஆர்கெஸ்ட்ராவில் கடைசி நாற்காலி. எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்துவிடாதே. அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் "பாப்பா, பால் குடிச்சாச்சா?" என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் சாப்பிடாமலே எழுந்து போயிருக்கிறாள். டீச்சர்தான் போனில் சொன்னார். நான் துடித்துப்போனேன், அப்பா "விடு, அவளே பார்த்துப்பா" என்றார், சொல்லிவிட்டு அவரும் தட்டைத் தள்ளிவிட்டார். இன்னொரு நாள் அவளே கூப்பிட்டு, "அம்மா, ஒன்பதாம் பக்கம் வந்துட்டேன், அந்தக் குட்டிங்க பன்னெண்டுல இருக்காங்க" என்றாள், ஏதோ மலை ஏறுகிறவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

கடைசி நாள் கச்சேரிக்கு அப்பா இன்னொரு டிரைவரிடம் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தார். விஷயத்தை நான் சொன்ன அன்று அவர் "அப்ப இத்தனை வருஷமா அவ்வளவையும் மனசுலயா வச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டபத்தில் பொடிசு ஒரு தூணுக்குப் பின்னால், நாங்கள் கழுத்தை வளைத்து வளைத்துத்தான் பார்த்தோம். அவள் இதைவிட அழகாக வாசித்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள், அன்று கண் தாளை விட்டு நகரவில்லை. நடுவில் ஓரிடத்தில் வழி தவறிவிட்டாள். எல்லாரும் வாசிக்கிறார்கள், இவள் வில் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்துப் பெண் வாசிப்பதைக் கேட்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம், அது அவளுக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். அப்படிச் செய்யவில்லை. உதடு அசைந்து அசைந்து எண்ணுகிறது, கண் வரிவரியாக இறங்குகிறது, அப்பா என் கையை நசுக்கிக்கொண்டிருக்கிறார். பிறகு சட்டென்று வில்லை இறக்கினாள். சரியான இடமா என்று எனக்கென்ன தெரியும், அந்த டீச்சர் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் சரி என்று தெரிந்துகொண்டேன். வெளியே வந்ததும் "அப்பா, நாலு இடத்துல தப்பு விட்டேன்!" என்றாள், என்னவோ பரிசு வாங்கினவள் மாதிரி.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். புதுப் பாடத்தைப் படமெடுத்து அனுப்பி வாசித்துக் காட்டச் சொல்வாள், மனது கேட்காமல் அனுப்பிவிடாதே. பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே, நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். "எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் ஒரு தாளோடு வந்து, "அப்ப இதையும் வை" என்றாள். காலையில் பல் தேய்க்கும்போது நீ ஒரு மெட்டை முனகுவாயே, எங்கிருந்து பிடித்தாய் என்று யாருக்கும் தெரியாதே, அதை நோட்ஸாக எழுதியிருக்கிறாள். கோடெல்லாம் கோணல், அழித்து அழித்துத் தாள் ஓரிடத்தில் கிழிந்தும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்தி, தபாலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

நீ நோயில்லாமல், மனக்குறை இல்லாமல், நாலு பேருக்கு வேண்டியவனாக நீண்ட நாள் நல்லா இருக்க வேண்டும். கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இந்த வாரம் போய்விட்டு எனக்குச் சொல்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா