நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு திருத்தம்

என் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சு இருக்கிறது. உள்ளே ஒரு கைப்பிடி சாமை. துணியைத் தாண்டி உமி வாசம் வருகிறது. உனக்கு வந்தது இது. நீ இல்லாததால் என்னிடம் இருக்கிறது.

இந்த மலைக் கல்லூரியில் நீ தாவரவியல் சொல்லிக்கொடுத்தாய். நான் நூலகத்தைப் பார்த்துக்கொண்டேன். மாரமங்கலத்துப் பழைய தானியங்களைப் பற்றி நீ ஆய்வேடு எழுதி முடித்த வருஷம்தான், ஆய்வேடுகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவைக்கவும், சிலவற்றை நாங்களே புத்தகமாகப் போடவும் எங்கள் நூலகம் தொடங்கியிருந்தது. உன்னுடையதைக் கொடு என்றேன். நீ சிரித்தாய்.

"நூலகம் போடறதெல்லாம் புத்தகமாடி? அது ஒரு ஃபைலு. மாரமங்கலத்துப் பழனியம்மா கையில குடுக்கற மாதிரி நல்ல அட்டை போட்டு வரணும்."

சென்னைப் பதிப்பகம் ஒன்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. இணையத்தில் சும்மா கிடைப்பதை அவர்கள் அச்சிட மாட்டார்களாம். அதனால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கச் சொன்னாய். தலைப்பும் சுருக்கமும் மட்டும் வெளியே தெரிந்தன. வருஷத்துக்கு ஒருமுறை கணினி உனக்கு மின்னஞ்சல் அனுப்பும்: திறக்கலாமா, இன்னும் ஓராண்டு பூட்டலாமா? நீ பூட்டச் சொல்லிவிட்டு எனக்கு ஃபோன் செய்வாய். "கோவிச்சுக்காதே, இந்த வருஷம் வந்துரும்." எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பதிப்பகம் முடியாது என்றும் சொல்லவில்லை, அதுதான் வம்பு.

நாம் பஸ் ஏறி மாரமங்கலம் போகும்போதெல்லாம் பழனியம்மா கேட்பார். அவர் விதைத்த காட்டில் நின்றுதான் நீ பாதி ஆய்வேட்டை எழுதினாய். "ஏங்கண்ணு, நாங்க சொன்னது பொஸ்தகமா வந்துருச்சா?"

"வருதுங்க. நல்ல எடமாப் பார்த்துட்டு இருக்கறனுங்க" என்பாய்.

கருஞ்சாமை விதை இனி எங்கேயும் இல்லை என்று முதலில் அவர்தான் சொன்னார். அன்று திரும்பும் பஸ்ஸில் நீ அழுதாய். ஒரு சாமைக்கா இவ்வளவு என்று கேலி செய்தேன். நான்காம் அத்தியாயத்துக்கு 'அற்றுப்போனவை' என்று பெயர் வைத்தாய்.

இந்த வருஷமும் மின்னஞ்சல் உன் முகவரிக்குத்தான் போனது. நீ போய்விட்டாய் என்று கணினிக்குத் தெரியாது. ஒரு மாதம் பதில் வராவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். பூட்டை நீட்டிக்க என்னாலும் முடியும். நீ மூடியதைத் திறக்க விடுவது சரிதானா என்று சில நாள் தவித்தேன். பிறகு திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நூலகத்திலேயே ஒரு பிரதி அச்சிட்டு, உனக்குப் பிடித்த மாதிரி கெட்டி அட்டை போட்டு, பழனியம்மாவிடம் கொண்டுபோனேன்.

நீ போன செய்தி அவருக்கு முன்பே தெரியும். புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "படி கண்ணு" என்றார். நான்காம் அத்தியாயத்தில் கருஞ்சாமை வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது போவல கண்ணு. நான் இல்லைன்னு சொன்னதுக்கு மறு வருசமே மஞ்சக்குட்டையில எங்க சம்பந்தி ஊட்டுல கெடச்சுது. வாங்கியாந்து வெதச்சோம். இப்ப நொம்ப நல்லா வருது."

"அப்புறமும் நாங்க வந்தமுங்களே, ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"நான் சொன்ன ஒரு பேச்ச அந்தக் கண்ணு ஒரு பாடமாவே எழுதி வெச்சிருக்கும்னு யாரு கண்டா? படிச்சுக் காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

உள்ளே போய் இந்தத் துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அந்தக் கண்ணு பாத்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

எழுதியவர் மட்டுமே திருத்தலாம் என்பது எங்கள் விதி. உன் வரிகளை நான் தொடவில்லை. கருஞ்சாமை மஞ்சக்குட்டையிலும் மாரமங்கலத்திலும் இருக்கிறது, சொன்னவர் பழனியம்மா என்று அடியில் ஒரு நூலகக் குறிப்பு மட்டும் சேர்த்தேன். அந்தப் பக்கத்தை இப்போது யார் யாரோ திறந்து படிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் வகுப்பை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருப்பாய், நானும் கேலி செய்துகொண்டே வந்திருப்பேன்.

ஆடியில் இதை விதைக்கக் கொடுத்துவிடுவேன். அதுவரை கைப்பையில் போட்டு வீட்டுக்கும் நூலகத்துக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ அழுத அந்தச் சாமை இருக்கிறது. நீதான் இல்லை.