ஏரி இறாலா என்று கேட்டார்கள்

அன்புள்ள நைனாவுக்கு,

ஜமுனா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் விரலிடுக்குப் புண் ஆறிவிட்டதா? போனில் சொன்னால் அம்மா பயந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் இந்தப் பெங்களூரு இயற்கை உணவுக் கடைக்குப் போன வாரம் இறால் பெட்டிகள் வந்தன. ‘ஏரியில் கையால் பிடித்தது’ என்று மேலே ஒட்டியிருந்தது. சென்னைக்கார அம்மா ஒருவர், “நெஜமாவே ஏரி இறாலா?” என்று கேட்டார். திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே அளவு.

“இல்லம்மா, இது பண்ணையில வளத்தது. ஏரியில பெருசும் சிறுசும் கலந்துதான் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி காதில் விழுந்துவிட்டது. என்னை உள்ளே தினையும் வரகும் பொட்டலம் கட்ட அனுப்பிவிட்டார். வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள். மறுநாள் பெட்டிகளில் அந்த ஒட்டுத்தாள் இல்லை.

நம் ஊர் தேவேந்திரன் அண்ணன் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் காய்ந்த இறால் கொடுத்தனுப்புங்கள். அறையில் மற்ற பெண்கள் வாசனைக்கு முகம் சுளிப்பார்கள், இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள். அம்மா கட்டிப் பழகிய புடவை ஒன்றும் வேண்டும். இங்கே குளிர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று. அந்தச் சென்னைக்கார அம்மா, “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். உங்களுக்குப் பொன்னேரியில் மளிகைக் கடை என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள், நைனா. அன்றைக்கு, “எங்க நைனாவும் அம்மாவும் பழவேற்காட்டு ஏரியில கையாலயே இறாலு புடிக்கிறவங்க” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

உங்கள் மகள்,
ஜமுனா