நாலாம் நம்பர் தன்விகா

ஆவணி 14, ஞாயிறு

பாப்பாவுக்கு இன்று முப்பதாம் நாள். பெயர் வைத்தாகிவிட்டது. எரிச்சலில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆறு மாதம் ஃபோனில் தேடி, ஹாலிஎல பக்கத் தேயிலைத் தோட்டங்களில் யாருக்குமே இருக்காது என்று தன்விகாவைப் பிடித்தேன். யாராவது முந்திக்கொள்வார்கள் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அதனால் பிள்ளையை மடியில் வைத்த பிறகுதான் நாத்தனார் செல்வியிடம் சொன்னேன். எங்கள் லயத்து வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் குட்டி, அம்முதான். உண்மைப் பெயர் தெரிந்தவள், நாங்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைக் காம்பராவில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செல்வி மட்டுமே.

இரண்டு தடவை காதில் சொன்னாள். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள்.

"அண்ணி, எங்கிட்ட ஏற்கனவே மூணு தன்விகா இருக்காங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க வாயத் தொறந்தீங்க? அந்த மூணு அம்மாவும் இப்படித்தான். கடைசி வரைக்கும் ரகசியம்."

கேசரி தீர்வதற்குள் லயம் முழுக்க 'நாலாம் நம்பர் தன்விகா' என்றாகிவிட்டது. காலையில் பேர் பதிய பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கிற தோட்டத்து ஆட்களான எங்களுக்குத்தான் நம்பர் என்று நினைத்திருந்தேன். முப்பதே நாளில் என் மகளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்கள்.