ரெண்டில் அழுத்திய படம்

வைகாசி 14, வெள்ளி.

கல்யாணப் படம் எடுக்கும்போது மூணு வரை எண்ணுவதாகச் சொல்லி, ரெண்டிலேயே கேமராவின் ரப்பர் பந்தை அழுத்திவிடுவேன். மூணு வரை விட்டால் எல்லாரும் சிலையாகிவிடுவார்கள்.

இன்று கொட்டாம்பட்டியில், மகளின் மாலையைச் சரிசெய்யக் கல்யாணப்பெண்ணின் தாய் வந்தாள்.

"ஏப்பா, தாலியறுத்தவ படத்துல நிக்கலாமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

தள்ளி நிற்கச் சொன்னது நான்தான். என்ன புத்தியோ எனக்கு! அவள் மாட்டுத்தொழுவத்து ஓரம் போய் நின்றாள்.

ரெண்டு என்று அழுத்தினேன். அதற்குள் பெண் தொழுவத்துப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"வேறொண்ணு எடுப்பா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எடுத்தேன்.

படம் பதிந்த இரண்டு கண்ணாடித் தகடுகளையும் மருந்தில் கழுவியாயிற்று. நேராகப் பார்க்கும் படம் மாப்பிள்ளை வீட்டுக்கு. திரும்பிய படத்தைத் தாயிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கணும். அதில் அவள் இல்லை. மகள் யாரைப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.